கித்தா விலை: மூன்று ரிங்கிட் யாருக்குப் போதும்?

ஜோகூரிலோ நெகிரி செம்பிலானிலோ தாத்தா வாங்கிப் போட்ட நாலைந்து ஏக்கர் கித்தாக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம், இன்னும் பங்கு பிரிக்காமல் கிடக்கிறது என்று சொல்லும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. விலை விழுந்த ஆண்டுகளில் இவர்கள் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான். மலேசிய அரசாங்கம்தான் உதவிப்பணம் தருகிறதே, பிறகு ஏன் மரத்தை வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, ஆள் இல்லாமல் காடு புல் மண்டிக் கிடக்கிறது? விடையைக் கொள்கை விளக்கங்களில் தேடுவதைவிடத் தராசில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

முதலில் விலை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஜோகூரின் லாபிஸிலோ குளுவாங்கிலோ தௌக்கே, அதாவது ரப்பர் வாங்கும் வியாபாரி, சொல்லும் விலையின் வேர் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. எஸ்ஜிஎக்ஸ் என்ற சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் டிஎஸ்ஆர் 20 என்ற தர ரப்பரின் முன்பேர வணிகம் நடக்கிறது. ஒரு ஒப்பந்தம் 5 டன், விலை கிலோவுக்கு அமெரிக்க காசில். 2011 பிப்ரவரியில் இது கிலோ 5 டாலரைத் தாண்டியது. 2016 தொடக்கத்தில் 1 டாலர் 10 காசு அளவுக்கு இறங்கிவிட்டது. காரணம் எளிது. 2005க்குப் பிறகு விலை ஏற ஏற வடகிழக்குத் தாய்லாந்து, லாவோஸ், வியட்னாம், யுன்னான் எங்கும் கன்று நட்டார்கள். கித்தா வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். விலை பார்த்து நட்ட மரமெல்லாம் விலை போன பிறகு பால் கொடுக்கத் தொடங்கியது.

சந்தை விலை தோட்டத்து வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறது? ஒரு மாதிரிக் கணக்கு. சிங்கப்பூரில் கிலோ 160 காசு, ஒரு அமெரிக்க டாலருக்கு நாலரை ரிங்கிட் என்று வைத்தால் காய்ந்த ரப்பர் கிலோ 7 ரிங்கிட் 20 சென். ஆலைச் செலவு, ஏற்றுமதித் தீர்வை, லாரி வாடகை, தௌக்கேயின் பங்கு எல்லாம் சேர்ந்து 1 ரிங்கிட் 20 சென் போனால் மீதி 6 ரிங்கிட். சிறுதோட்டக்காரர் விற்பதோ மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலேயே உறைந்த கட்டிப்பால். அதில் பாதி தண்ணீர். ஆகவே கையில் கிலோ 3 ரிங்கிட்.

அந்தப் "பாதி தண்ணீர்" என்பதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. காய்ந்த ரப்பர் விழுக்காடு 50 என்று வைத்துத்தான் விலை அறிவிக்கிறார்கள். இன்று வெட்டி நாளை அள்ளிய கட்டியில் அது 45ஐ ஒட்டி இருக்கும். வாரக்கணக்கில் நிழலில் வடிந்த கட்டியில் 55, 60கூட வரும். தௌக்கே கட்டியை அமுக்கிப் பார்த்து, ஒன்றை வெட்டிப் பார்த்து, கண்ணால் ஒரு எண் சொல்வார். உண்மையில் 52 உள்ள 100 கிலோ கட்டியை அவர் 45 என்று எடுத்துக்கொண்டால் 7 கிலோ காய்ந்த ரப்பர் காணாமல் போகிறது. கிலோ 5 ரிங்கிட் என்றாலும் 35 ரிங்கிட். அதாவது கட்டிப்பால் கிலோவுக்கு 35 சென். அரசாங்கம் பல மாதங்களில் தரும் உதவிப்பணமே இந்த அளவுதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். குவியலின் மேல், நடு, அடி என்று பத்துக் கட்டிகளை எடுத்து இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவிக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்துச் சமையலறைத் தராசில் 100 கிராம். அதை 70 டிகிரி மின்னடுப்பில் (ஓவன்) வைத்து, உள்ளே வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் தேன் நிறம் வரும்வரை காய விடுங்கள். காய்ந்தபின் எத்தனை கிராமோ அத்தனை விழுக்காடு. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் வெளிப்புறம் உருகி ஒட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் நிற்கும், கணக்கு தப்பும். மாதம் ஒருமுறை செய்து எழுதி வைத்திருந்தால் தௌக்கேயிடம் பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

தௌக்கேயை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. விலை விழுந்ததும் எடை ஏற்றும் வேலை தொடங்கிவிடுகிறது. கட்டியைத் தண்ணீரில் ஊற வைப்பது, மணல், மரப்பட்டை, இலை சேர்ப்பது, பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்துக்குப் பதில் மலிவான கந்தக அமிலம் ஊற்றுவது. கந்தக அமிலம் பட்ட ரப்பர் ஆலையில் சூடு தாங்காது, அதன் தர எண் இறங்கிவிடும். பத்துப் பேரில் இரண்டு பேர் இப்படிச் செய்தால் போதும், பத்துப் பேருக்கும் சேர்த்தே தௌக்கே விழுக்காட்டைக் குறைக்கிறார். நல்ல கட்டிக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பார்மிக் அமிலத்தை 3, 4 விழுக்காடாகக் கலந்து மங்குக்கு 12 முதல் 15 மில்லி ஊற்றிக் கிளறிவிட்டாலே உறைந்துவிடும். கலக்கும்போது அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

இனி முக்கியமான கணக்கு. ஒரு ஹெக்டருக்கு 420 மரம் என்று வையுங்கள். ஒருவர் ஒரு காலைக்கு 500 மரம் வெட்டலாம், அதாவது ஏறக்குறைய 1.2 ஹெக்டர். மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டும் முறையில் அவர் மூன்று நிரை (ஒரு காலைக்கு வெட்டும் பகுதி ஒரு நிரை) பார்க்கலாம். மொத்தம் 3.6 ஹெக்டர். ஓரளவு பராமரித்த காட்டில் ஹெக்டருக்கு ஆண்டுக்கு 1,300 கிலோ காய்ந்த ரப்பர், கட்டிப்பால் கணக்கில் 2,600 கிலோ. மூன்று நிரைக்கும் சேர்த்து மாதம் 780 கிலோ. வழக்கப்படி நிலக்காரருக்குப் பாதி, வெட்டுகிறவருக்குப் பாதி என்றால் வெட்டுகிறவர் பங்கு 390 கிலோ.

கிலோ 2 ரிங்கிட் 50 சென் என்றால் அவர் கைக்கு 975 ரிங்கிட். 3 ரிங்கிட் என்றால் 1,170. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். பாதிப் பங்கில் அந்த 1,700 வர வேண்டுமானால் கட்டிப்பால் கிலோ 4 ரிங்கிட் 36 சென் விற்க வேண்டும். இவ்வளவும் மழை அதிகம் பெய்யாத ஆண்டுக்கு. அதோடு ஜோகூர்க்காரருக்குக் கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் வேலை, சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது இரண்டுக்கும் பொது. மோட்டார் சைக்கிள் காட்டுப் பக்கம் திரும்பாமல் உட்லண்ட்ஸ் பக்கம் திரும்புவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? விலை விழும்போது தோட்டத்தை விட்டு முதலில் போவது மரம் இல்லை, கத்தி பிடித்த கை.

இந்த இடத்தில்தான் மலேசியாவின் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை வருகிறது. சுருக்கமாக ஐபிஜி. 2015இல் தொடங்கியது. கட்டிப்பாலுக்கு ஒரு தூண்டு விலை வைத்திருக்கிறார்கள். அது 2 ரிங்கிட் 50 சென்னாக இருந்து, 2023 பட்ஜெட்டில் 2.70, 2024 பட்ஜெட்டில் 3 ரிங்கிட் ஆனது. மாதச் சராசரித் தோட்ட வாசல் விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசாங்கம் தரும். இதை "மூன்று ரிங்கிட் உத்தரவாதம்" என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. வித்தியாசம் கணக்கிடுவது சராசரி விலையிலிருந்து, உங்கள் சீட்டில் உள்ள விலையிலிருந்து அல்ல. சராசரி 2.40, நீங்கள் விற்றது 2.20 என்றால் கிடைப்பது 60 சென், மொத்தம் 2.80. சராசரி 3.01 ஆகிவிட்டால் நீங்கள் 2.60க்கு விற்றிருந்தாலும் ஒன்றும் இல்லை. விழுக்காட்டில் ஏமாறுகிறவருக்கு உதவிப்பணம் அந்த ஓட்டையை அடைக்காது என்பதற்காகத்தான் மேலே அடுப்பில் வைத்துக் காயவிடச் சொன்னேன்.

சரி, 3 ரிங்கிட்டில் வெட்டுகிறவரைக் காட்டில் நிறுத்தவே முடியாதா? முடியும். அதற்கு இரண்டு மாற்றம் வேண்டும். பங்கை மாற்ற வேண்டும், வெட்டு நாளைக் குறைக்க வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டினால் அதே ஆள் நான்கு நிரை, 4.8 ஹெக்டர் பார்ப்பார். பாலைக் கூட்டும் ஊக்க மருந்து சரியாகப் பூசினால் ஹெக்டருக்கு 1,200 கிலோ எடுக்கலாம். மாதம் 960 கிலோ கட்டிப்பால். வெட்டுகிறவருக்கு அறுபது, நிலக்காரருக்கு நாற்பது என்ற பங்கில் அவருக்கு 576 கிலோ. 1,700 ரிங்கிட் தொட 2 ரிங்கிட் 95 சென் போதும். தூண்டு விலையான 3 ரிங்கிட் அப்போதுதான் பொருள்படுகிறது. நிலக்காரர் பாதிப் பங்கில் பிடிவாதமாக நின்றால் எந்த உதவிப்பணமும் அந்தக் காட்டைக் காப்பாற்றாது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு "அப்பா காலத்தில் பாதிக்குப் பாதிதான்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்கலாம். பாதிப் பங்கு வாங்குவதற்கு முதலில் பால் இறங்க வேண்டும்.

நான்கு நாள் முறையின் நுணுக்கம் ஊக்க மருந்தில் இருக்கிறது. எத்திபான் 2.5 விழுக்காடு. வெட்டுக் கோட்டை ஒட்டி மேலே, புதுப்பட்டை வளரும் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குச் சிறு பிரஷ்ஷால் பூச வேண்டும். மரத்துக்கு 1 கிராமுக்கு மேல் வேண்டாம். அடுத்த வெட்டுக்கு இரண்டு நாள் முன்பு, மழை வராத காலையில் பூசுவது நல்லது. இலை உதிர்ந்து தளிர் விடும் பருவத்தில் தொடவே கூடாது. மர வகையையும் பார்க்க வேண்டும். ஆர்ஆர்ஐஎம் 600 ஓரளவு தாங்கும். பிபி 260 இயல்பாகவே வேகமாகப் பால் விடும் மரம், அதற்கு அதிகம் பூசினால் வெட்டுக் கோடு வறண்டுபோகும்.

வறட்சியின் அறிகுறிகள் முன்னமே தெரியும். மங்கை அள்ளிய பிறகும் நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். பால் நீர்த்து, காய்ந்த ரப்பர் 30 விழுக்காட்டுக்குக் கீழே போகும். பிறகு கோட்டில் ஒரு பகுதி மட்டும் பால் விடாமல் பழுப்பாகத் தெரியும். முதல் அறிகுறியிலேயே மருந்தை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுத்தால் மீளலாம். கோடு முழுக்க வறண்ட பிறகு அந்தப் பக்கம் பெரும்பாலும் திரும்பாது.

இதில் கிடைக்கும் இன்னொரு லாபம் பட்டை. இரண்டு நாள் முறையில் ஆண்டுக்கு 150 வெட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் 22 சென்டிமீட்டருக்கு மேல் பட்டை போகிறது. நான்கு நாள் முறையில் 75 முதல் 80 வெட்டு. கோடு காய்ந்திருப்பதால் சற்றுக் கனமாகச் சீவ வேண்டியிருந்தாலும் 14 சென்டிமீட்டரோடு முடியும். ஆழம் மட்டும் எந்த முறையிலும் மாறாது. உள்தோலுக்கு 1 மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும், அடுத்த சுற்றில் கத்தி ஓடாது. (மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் மெல்லச் சீவும் இந்த வித்தையை 1890களில் செய்து காட்டியவர் நம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி. 1877இல் இங்கே வந்து சேர்ந்தவை 22 கன்றுகள்.)

விலை விழுந்தால் உற்பத்தி குறையும் என்பது பாடநூல். கித்தாவில் சில காலம் நேர்மாறாகவும் நடக்கும். கடன் தவணை, பிள்ளையின் கல்விக் கட்டணம் என்று பணம் வேண்டிய குடும்பம் மூன்று நாள் முறையை விட்டுத் தினமும் வெட்டத் தொடங்கும். ஆறு மாதம் வருமானம் தெரியும், பிறகு வறட்சி. வசதி உள்ளவர் காட்டைப் பூட்டிவிடுவார். தக்காளி போல அழுகிப் போகாது, மரம் பாலை உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஆனால் இந்த வெட்டாத காடுதான் எல்லாருக்கும் எதிரி. விலை கொஞ்சம் ஏறியதும் புல்லை அடித்துவிட்டு ஒரே வாரத்தில் கத்தியை வைக்கலாம். அந்தப் பால் சந்தைக்கு வந்து, ஏறிய விலையை மறுபடி கீழே இழுக்கும். எந்தக் கிடங்குக் கணக்கிலும் ஏறாத இருப்பு இது.

உதவிப்பணத்தை எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விவசாயி நடந்துகொள்வதும் மாறும். மலேசியா கிலோவுக்குக் கொடுக்கிறது. விற்றால்தான் பணம், ஆகவே வெட்டச் சொல்லும் உதவி அது. விலை ஏன் விழுந்தது? பால் மிகுந்ததால். அப்படியிருக்க மேலும் வெட்டத் தூண்டுவது சந்தைக்கு நல்லதல்ல, குடும்பத்துக்கு நல்லது. தாய்லாந்து 2019இல் கொண்டுவந்த வருமான உத்தரவாதம் வேறு வகை. நல்ல ஷீட்டுக்கு (தகடாக்கிக் காயவைத்த ரப்பர்) கிலோ 60 பாட், திரவப் பாலுக்கு 57, கட்டிப்பாலுக்கு 23 என்று விலை வைத்தார்கள். ஆனால் விற்ற எடையைப் பார்க்கவில்லை. ராய் என்ற தாய்லாந்து நில அளவு ஒன்றுக்கு மாதம் 20 கிலோ என்று தாங்களே வைத்துக்கொண்டு, 25 ராய் வரைக்கும், அதாவது 4 ஹெக்டர் வரைக்கும், வித்தியாசத்தைக் கொடுத்தார்கள். நிலக்காரருக்கு 60, வெட்டுகிறவருக்கு 40 என்று பங்கையும் அரசே எழுதிவிட்டது. எடைச் சீட்டில் பொய் எழுத அங்கே வேலை இருக்கவில்லை. வெட்டுகிறவர் பெயர் பதிவில் ஏறியது அதில் எனக்குப் பிடித்த அம்சம். கேரளம் 2015இல் ஷீட்டுக்குக் கிலோ 150 ரூபாய் என்று ஆதார விலை வைத்து, 2021இல் 170, 2024இல் 180 என்று உயர்த்தியது. மாநிலத் திட்டம் என்பதால் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் கன்னியாகுமரியில் அதே மரத்தை வெட்டுகிறவருக்கு அது இல்லை.

விலையையே தூக்கி நிறுத்தும் முயற்சிகளும் நடந்தன. பிரிட்டிஷார் 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் போட்டு மலாயா, இலங்கை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். டச்சுக்காரர் சேரவில்லை. சுமத்ராவின் சிறு விவசாயிகள் அந்த நல்ல விலையைப் பார்த்துக் காடு காடாக நட்டார்கள். 1928இல் திட்டம் முடிந்தது. 1980இல் வந்த பன்னாட்டு இயற்கை ரப்பர் அமைப்பு கிடங்கில் வாங்கி வைத்து விலையைத் தாங்கியது. குறிப்பு விலை மலேசிய, சிங்கப்பூர் காசில் இருந்தது. 1997 நெருக்கடியில் ரிங்கிட் சரிந்ததும், டாலரில் விழுந்த விலை குறிப்புக் காசில் விழாதது போலத் தெரிந்தது. கிடங்கு போதிய அளவு வாங்கவில்லை. மலேசியாவும் தாய்லாந்தும் விலகின, 1999இல் அமைப்பே மூடப்பட்டது. பிறகு தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் சேர்ந்து ஏற்றுமதியைக் குறைத்துப் பார்த்தன. 2016இல் 615,000 டன், 2018இல் 350,000 டன். ஏற்றுமதியைத்தான் நிறுத்தினார்கள், வெட்டை நிறுத்தவில்லை. கிடங்கில் இருந்தது பிறகு வெளியே வந்தது. இதற்கிடையில் ஐவரி கோஸ்ட் மலேசியாவைத் தாண்டிப் போய்விட்டது. 1988இல் 16 லட்சம் டன்னுக்கு மேல் எடுத்த மலேசியா இன்று 4 லட்சத்துக்கும் கீழே.

கடைசி வழி, மரத்தைத் தள்ளிவிட்டு வேறு நடுவது. 25 ஆண்டைத் தாண்டிய மரமென்றால் தள்ளுவதற்கு முன் இரண்டு ஆண்டு உயரத்தில் மேல்நோக்கி வெட்டி, மருந்தைக் கூட்டிப் பூசி, இருக்கும் பாலையெல்லாம் எடுத்துவிடுவார்கள். கட்டைக்கும் விலை உண்டு. மரக்காரரிடம் ஒப்பந்தம் போடும்போது வேரையும் பெயர்த்து எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குவது முக்கியம். அடிக்கட்டை மண்ணில் இருந்தால் வெள்ளை வேர் நோய் புதுக் கன்றுக்குத் தாவும். செம்பனை மூன்று ஆண்டுக்குள் குலை தள்ளும், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். ஆள் பஞ்சத்துக்கு அதுவே பாதி விடை. மீண்டும் கித்தாவே நட்டால் முதல் மூன்று ஆண்டு மர வரிசைக்கு நடுவே வாழையோ அன்னாசியோ போடலாம், அதற்குப் பிறகு நிழல் மூடிவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு டுரியான் மேல் ஒரு கண். ஆனால் எல்லாரும் ஒரே ஆண்டில் ஒரே கன்றை நடும்போது என்ன ஆகும் என்பதற்கு 2011இன் கித்தாவே சாட்சி.

மறுநடவு உதவியை ரிஸ்டா பார்க்கிறது. 1973இல் சிறுதோட்டக்காரர்களுக்காகவே அமைந்த அமைப்பு. ஏற்றுமதித் தீர்வையில் ஒரு பங்கு மறுநடவுக்கென்றே பிடிக்கப்படுகிறது, ஆகவே இது தானமில்லை. உங்கள் தாத்தா விற்ற ஒவ்வொரு கிலோவிலும் அந்தக் காசு போயிருக்கிறது. உதவி ஒரே தடவையில் வராது. நிலம் சீர் செய்தது, கன்று நட்டது, களை எடுத்தது என்று ஒவ்வொரு கட்டத்தையும் வந்து பார்த்த பிறகு தவணையாக வரும். விலை உதவிக்கு வேண்டியது வேறு. கித்தா விற்க அனுமதி தரும் மலேசிய ரப்பர் வாரியத்தின் பேட்-ஜி அட்டை, அந்த அட்டை எண்ணோடு தௌக்கே தரும் விற்பனைச் சீட்டு. வெட்டுகிறவருக்கும் அட்டை உண்டு, அவருக்கும் எடுத்துக் கொடுங்கள். சீட்டு இல்லாமல் பத்து சென் கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லும் தௌக்கேயிடம் விற்றால் அந்த மாத உதவி போச்சு.

இதற்கெல்லாம் முன்னால் நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால் மறுநடவு மனுவில் கையெழுத்துப் போட யாருக்கும் உரிமை இல்லை. சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் 1955இன் கீழ் நிலம் இருக்கும் மாவட்ட நில அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். மரணச் சான்றிதழ், பத்திர நகல், வாரிசுகள் எல்லாருடைய விவரமும் வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர், ஆஸ்திரேலியாவில் இருப்பவர் என்று வாரிசுகள் சிதறியிருந்தால் விசாரணை நாளுக்கு வர முடியாதவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஒருவர் கையெழுத்துக்காக மனு ஆண்டுக்கணக்கில் நிற்பதுண்டு.